பரணில் கிடப்பது யாருடையது?

திருத்தணி வீட்டுப் பரணில் என்ன இருக்கும் என்று ஏணி போடாமலே சொல்லிவிடுவேன். முன்வரிசையில் 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. பக்கத்தில் 2011க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேனின் அட்டைப் பெட்டிகள். கிரைண்டர் கீழே ஓடிக்கொண்டிருக்கும்; பெட்டி மட்டும் மேலே பத்திரமாக இருக்கும். அதற்குப் பின்னால் கொலு பொம்மை மூட்டை, பழைய புடவையில் சுற்றிய காவடி, பீங்கான் ஜாடிகள், கோரைப் பாய்ச் சுருள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, பித்தளை அண்டாவும் தவலையும். அண்டாவுக்குள் இன்னொரு உலகம் இருக்கும்.

இந்தப் பரணைக் கீழே இறக்கி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாக முடிவெடுக்க வைத்து, மிச்சத்தை எடுக்க வசதியாக அடுக்கிக் கொடுப்பது என் தொழில். சென்னை, பெங்களூரில் இதற்கு ‘ஹோம் ஆர்கனைசர்’ என்று பெயர். எங்கள் ஊரில் ‘சாமான் அடுக்குற அம்மா’. எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும், கூப்பிடுகிறவர்களுக்கு என்ன வேலை நடக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. “இதுக்கெல்லாமா காசு கொடுத்து ஆள் வைப்பாங்க?” என்று முதலில் கேட்டவர்களே பிறகு, பிள்ளை வெளியூரிலிருந்து போன் போட்டு, “அம்மா தனியா கிடந்து அல்லாடறாங்க, கொஞ்சம் போய்ப் பாருங்கக்கா” என்று சொல்ல, கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

நான் இதைப் படித்தது ஒரு ஸ்டோர்ஸில். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் உதவியாளராகப் பல வருஷம் இருந்தேன். விடியற்காலை கம்பெனி பஸ், இரவு திரும்பும்போது மலைமேல் கோயில் விளக்கு. அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஜப்பானியரின் 5எஸ். தேவையானதைப் பிரி, இடம் குறித்து வை, சுத்தம் செய், எல்லோருக்கும் ஒரே முறை ஆக்கு, பழக்கமாக்கு. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் இது கரைத்துக் குடிக்கப்பட்ட பாடம். தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை இந்தியாவில் முதன்முதலில், 1998இல் வாங்கியது சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன். 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கியது. அந்தக் காற்று எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் வரைக்கும் வீசியது.

ஸ்டோர்ஸில் பொருளை மூன்றாகப் பிரிப்போம்: வேகமாகப் போவது, மெதுவாகப் போவது, நகராமலே கிடப்பது. நகராததற்குச் சிவப்புச் சீட்டு கட்டி ஒரு மூலையில் வைப்போம். குறிப்பிட்ட நாளுக்குள் எந்தப் பிரிவும் வந்து ‘இது எங்களுது, வேணும்’ என்று கையெழுத்துப் போடாவிட்டால் கழிவுக்குப் போகும். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். வீட்டில் இருந்தபோது, சென்னைக்கு மாறிப் போகும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாமான் கட்ட உதவினேன். அவர் தன் தங்கையிடம் சொன்னார். தங்கை அரக்கோணத்தில் ஒருவரிடம். அப்படித்தான் ஆரம்பித்தது. சிவப்புச் சீட்டு இன்றும் என் பையில் இருக்கிறது. ஆனால் அதில் கையெழுத்துப் போடவேண்டிய ‘பிரிவு’ எது என்பதுதான் வீட்டில் பெரிய வழக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் இது புதுத் தொழில் அல்ல. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் சில பெண்கள் கூடி ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். அதுதான் இன்று ‘நேப்போ’ என்ற பெயரில் நாடு முழுக்க இருக்கும் அமைப்பு. அங்கே சான்றிதழுக்குத் தேர்வு எழுத வேண்டுமென்றால் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் காசு வாங்கி வேலை பார்த்த கணக்கைக் காட்ட வேண்டும். அப்புறம் ஜப்பானிலிருந்து மாரி கொண்டோ. பத்தொன்பது வயதில், கல்லூரியில் படிக்கும்போதே அடுத்தவர் வீட்டை ஒழுங்குபடுத்தப் போனவர். ஷிண்டோ கோயிலில் சேவகப் பெண்ணாகவும் இருந்திருக்கிறார் என்று படித்ததும், கோயில் ஊர்க்காரியான எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் வந்தது. அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்தது, 2019 புத்தாண்டு நாளில் நெட்ஃபிளிக்ஸில் தொடர் வந்தது. அதோடு இந்தத் தொழில் எல்லா நாட்டிலும் தெரிந்துவிட்டது. இந்தியாவில் அவர் முறையில் முதல் சான்று பெற்றவர் குருகிராமைச் சேர்ந்த காயத்ரி காந்தி. பெங்களூரில் ரோகிணி ராஜகோபாலன் ஒரு நிறுவனமாகவே நடத்துகிறார். அவர்கள் போகும் வீடுகளில் துணி மாட்டவே தனி அறை இருக்கும். எங்கள் ஊரில் துணி மாட்டக் கொடி இருக்கும்.

கொண்டோவின் வரிசையை நானும் ஓரளவு எடுத்துக்கொண்டேன். துணி முதலில், பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியாக மனசோடு ஒட்டியவை. இது நல்ல வரிசை. கல்யாண ஆல்பத்தில் தொடங்கினால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் அவர் சொல்லும் முக்கியமான சோதனை இங்கே செல்லவில்லை. பொருளைக் கையில் எடு, அது உனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு என்பார். ஒரு பொருளுக்கு ஒரு சொந்தக்காரர், அவர் இதோ கையில் வைத்திருக்கிறார் என்பது அதற்குள் இருக்கும் கணக்கு. எங்கள் வீடுகளில் கையில் வைத்திருப்பவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர், ‘எனக்குன்னு சொல்லியிருந்தாங்க’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர் இன்னொருவர். தமிழ் பேசும் வீடானால் “இருக்கட்டும்மா”, தெலுங்கு பேசும் வீடானால் “உண்டனிம்மா” என்று ஒவ்வொரு பொருளும் திரும்பப் பரணுக்குப் போய்விடும். ஆசையால் அப்படிச் சொல்வதாக வெளியூர்ப் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில், தனக்கு அதைத் தூக்கிப்போட உரிமை இருக்கிறதா என்ற பயத்தால்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதனால் நான் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்பதில்லை. முதல் கேள்வி: “இது யாருதும்மா?”

இதற்குப் பதில் பாத்திரத்திலேயே இருக்கும். பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள், தெரியும் அல்லவா? சின்ன மெஷின், கர்ரென்று சத்தம், விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேரும் தேதியும். பழையதானால் உளியால் கொத்தியிருக்கும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு என்பதெல்லாம் அங்கே கிடைக்கும்.

பாட்டி காலமாகி ஒரு வருஷம் கழிந்த வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பாத்திரம் முழுவதையும் கூடத்தில் இறக்கினோம். நடக்க இடமில்லை. பெண்கள் இருவரும் ஒரு பக்கம், மருமகள்கள் மூவரும் ஒரு பக்கம், பிள்ளைகள் திண்ணையில் செய்தித்தாளுக்குப் பின்னால். எதையும் பிரிக்க வேண்டாம், முதலில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பேரைப் படிக்கலாம் என்றேன். ஒருவர் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். அரை மணியில் கூடத்தின் நிறமே மாறிவிட்டது. இரண்டாவது மருமகள் ஒரு தூக்குவாளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது எங்கம்மா வீட்டுச் சீர். முப்பது வருஷமா எங்க போச்சு எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன். கேட்டா, நீ கொண்டாரவே இல்லைன்னாங்க!” எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரித்தார்கள்.

மருமகள்களின் பேர் வெட்டியதெல்லாம் தனித்தனியே அவரவரிடம் போனது. இதில் பேச்சுக்கே இடமில்லை. பெண்ணுக்குக் கல்யாணத்தில் வந்த சீர் அவளுடைய சொந்தச் சொத்து, புகுந்த வீட்டில் வைத்திருந்தாலும் அது அவர்களுடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. கோர்ட் சொன்னது பரணுக்கு வந்து சேர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. பாட்டியின் சொந்தச் சீருக்கும் கணக்கு உண்டு. உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956ஆம் வருஷச் சட்டப்படி, பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். மருமகளுக்கு அதில் பங்கில்லை.

ஆனால் ஓர் அண்டா இருந்தது. விளிம்பில் தெலுங்கு எழுத்து. பாட்டியின் அம்மா புத்தூர் பக்கத்திலிருந்து கொண்டு வந்தது. சட்டப்படி ஐந்து பேருக்கும் சொந்தம். பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டு அதைத் தேய்த்துப் பொன்னாக வைத்திருந்தவர் மூத்த மருமகள். “தேய்ச்ச கைக்கு ஒண்ணும் கிடையாதா?” என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் கருத்துச் சொல்லும் ஆளுக்கு இந்தத் தொழில் சரிப்படாது. அண்டாவுக்குச் சீட்டுக் கட்டி, நோட்டில் ‘முடிவாகவில்லை’ என்று எழுதிவிட்டு வந்தேன். பிறகு போன் வந்தது. அண்டா மூத்த மருமகளிடமே இருக்கட்டும், பெண்கள் வீட்டு விசேஷத்துக்கு அங்கே போய் வர வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்களாம்.

வெளியூர்ப் புத்தகங்களில் இன்னொரு விதி வரும்: ஒரு வருஷம் தொடாத பொருளை அனுப்பிவிடு. திருத்தணியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆறுபடை வீட்டில் ஐந்தாவது வீடு எங்கள் மலை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு சனம் வந்து இறங்கும். மூன்று நாள் சரவணப் பொய்கையில் தெப்பம். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா, 365 படிக்கும் பூஜை செய்துகொண்டே ஏறுவார்கள். இதற்கெல்லாம் உறவுக்காரர்கள் சொல்லாமலே வருவார்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது தட்டு இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நாற்பது தட்டு நகராத சரக்கு என்று சீட்டுக் கட்டினால், கட்டியவளைத்தான் நகர்த்த வேண்டும். பீங்கான் ஜாடியும் அப்படியே. மாசியில் பார்த்தால் காலி, வேண்டாததுபோலத் தெரியும். சித்திரையில் மாங்காய் இறங்கினால் ஆவக்காய்க்கு ஜாடி போதாது.

அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பொருளுக்கென்று தனிக் கணக்கு வைத்தேன். ஆடிச் சாமான், கொலுச் சாமான், பொங்கல் சாமான், ஆவக்காய்ச் சாமான் என்று நான்கு மூட்டை. வெளியே பெரிய எழுத்தில் சீட்டு, தெலுங்கு படிக்கிறவர் இருந்தால் தெலுங்கிலும் ஒரு சீட்டு. ஒரு மூட்டையை இறக்கும்போது மற்ற மூன்றும் கலையக் கூடாது. இவ்வளவுதான் இதிலுள்ள வித்தை. இதைச் செய்த பிறகும் மீதியாகப் பரணில் நிற்பது எதுவோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பரணைப் பற்றி இன்னொன்று. மே மாதத்தில் தமிழ்நாட்டில் வெயில் கொளுத்திய ஊர்ப் பட்டியலை வானிலை மையம் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பேர் தவறாமல் வரும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று யோசியுங்கள். பிளாஸ்டிக் கவர் அப்பளமாக நொறுங்கும். போட்டோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாத்திரை, பேட்டரி, மெழுகுவத்தி, ஆல்பம் நான்கையும் பரணில் வைக்கவே விடமாட்டேன். வெயில் காலத்தில் பரண் வேலை காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் ஏறினால் இறங்கும்போது மயக்கமாகத்தான் இறங்குவோம்.

காகிதத்துக்கு வருவோம். வேறு ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒரு சிக்கல் எங்களுக்கு உண்டு. இந்த ஊர் இடம் மாறாமலே மாவட்டம் மாறிக்கொண்டிருந்த ஊர். 1888இல் இங்கே சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தபோது இது வடாற்காடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானதும் அதற்குள் போனது. 1953இல் ஆந்திரம் தனியானபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1இல் எங்கள் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். ஆக, ஒரே நிலத்துக்கான காகிதக் கட்டில் நான்கு மாவட்டப் பேர் இருக்கலாம், சிலது தெலுங்கில் இருக்கலாம். பேரன் எடுத்துப் பார்த்து, “இது ஏதோ ஆந்திராப் பேப்பர்” என்று பழைய பேப்பர் கடை மூட்டையில் போடுவான். அதுதான் மூலப்பத்திரம்! இங்கே எனக்கு ஒரே விதி. 1960க்கு முந்திய எந்தக் காகிதமும், எந்த மொழியில் இருந்தாலும், படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துச் சொல்லும்வரை வீட்டை விட்டுப் போகக் கூடாது. தெலுங்கு படிக்க எங்கள் தெருவிலேயே ஆள் உண்டு.

பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது ஒரு பெட்டி. பிறப்பு, இறப்பு, கல்யாணச் சான்று, படிப்புச் சான்று இன்னொரு பெட்டி. பாங்க், இன்சூரன்ஸ், அடகு ரசீது மூன்றாவது. மின்கட்டண ரசீது, கேஸ் ரசீது, 2003ஆம் வருஷ டிவி வாரண்டி இதெல்லாம் போகலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை 2015இல் வந்த டிஜிலாக்கரில் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அசல் பத்திரத்துக்கு அது மாற்றில்லை. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதே என்று அசலைப் பற்றி அலட்சியமாகப் பேசும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

காகிதம் புரட்டும்போது பணம் கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும். புடவை மடிப்பில், அரிசி டிரம்மின் அடியில், சாமி படத்துக்குப் பின்னால். 2016 நவம்பர் 8க்குப் பிறகு செல்லாமல் போன 500, 1,000 ரூபாய் நோட்டு இன்னும் வருகிறது. ஞாபகத்துக்குப் பத்து நோட்டு வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வைத்திருந்தால் 2017ஆம் வருஷச் சட்டப்படி குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். இதைச் சொன்னால் பாட்டிகள் நம்புவதில்லை. 2,000 ரூபாய் நோட்டு வந்தால் கதை வேறு. 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பியும் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். பழைய பாங்க் பாஸ்புக் வந்தால் அதைக் கிழிக்க விடமாட்டேன். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். ஆனாலும் உரியவரோ வாரிசோ அதே பாங்கில் கேட்டால் திரும்பக் கிடைக்கும். எந்தப் பாங்கில் கிடக்கிறது என்று பேரைப் போட்டுத் தேட 2023இல் ‘உத்கம்’ என்று ஒரு இணையதளம் வைத்திருக்கிறார்கள். பாங்குப் பணமானாலும் அண்டாவானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான், யாருடையது என்று.

சமையலறையைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு அதுதான் சுலபம். வேகமாகப் போவது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், மெதுவாகப் போவது முழங்காலுக்குக் கீழே, புதிதாக வாங்கிய பருப்பு பழைய பருப்புக்குப் பின்னால். இதிலெல்லாம் ஸ்டோர்ஸ் பாடம் அப்படியே செல்லும். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் தொழிலாளர் குடியிருப்புக்காக மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலிடத்தைப் பார்த்துப் படித்து, பெண்ணின் நடையைக் குறைக்க, அரிசிக்கும் சர்க்கரைக்கும் பேர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் வைத்துக் கட்டியது. நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டியும் பேர் ஒட்டிய டப்பாவும் செய்வதும் அதுதான். ஆனால் அவருடைய சமையலறையில் ஒருத்திதான் நிற்க முடியும். நம் சமையலறையில் மாமியாரும் மருமகளும் நிற்கிறார்கள். உப்பு டப்பா எங்கே என்பதை ஒருத்தி முடிவு செய்தால் இன்னொருத்தி மறுநாள் காலை மாற்றிவிடுவாள். இருவரும் வீட்டில் இருக்கும் நாளில்தான் சமையலறை வேலைக்குப் போவேன்.

வெளியே போகும் பொருள் எங்கே போகிறது என்று சிலர் கேட்கிறார்கள், பலர் கேட்பதில்லை. பித்தளை, இரும்பு, பேப்பர் எடைக்குப் போகும். துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் இன்னும் தெருவில் வருகிறார், அவரிடம் பழையதைக் கொடுத்துப் புதிதாக ஒரு சம்படம் வாங்கிப் பரணில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கட்டக்கூடிய புடவையைப் போகியில் எரிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பழைய கலர் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை வாசலில் போட்டு உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போக வேண்டும். எங்கள் பக்கம் அவர்கள் அடிக்கடி வருவதில்லை என்பதால் நாலைந்து வீட்டு டிவியைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்புகிறேன். மிச்சக் குப்பைக்கு ஈரம், உலர்ந்தது, ஆபத்தானது என்று மூன்று கூடை.

சில வீடுகளில் நான் வேலை ஏற்பதில்லை. வாசலிலிருந்து கட்டில் வரை ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டு, மற்ற இடமெல்லாம் காலி பாட்டிலும் கவரும் பழைய பேப்பரும். ஒன்றைத் தொட்டால் அவருக்கு மூச்சு முட்டும், கண்ணீர் வரும். இதைச் சோம்பல் என்று ஏசுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனி நோயாகவே பட்டியலிட்டது. 1947இல் நியூயார்க்கில் காலியர் என்ற இரு சகோதரர்கள் தாங்கள் சேர்த்த பொருளுக்கு நடுவிலேயே செத்துக் கிடந்தார்கள், வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் சாமான் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகள் அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து என்னை வரச் சொல்வார்கள். மாட்டேன் என்றுவிடுவேன். திரும்பி வந்து பார்க்கும் மனிதர் உடைந்துபோவார், ஆறு மாதத்தில் வீடும் பழையபடி ஆகும். முதலில் மருத்துவர். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலிமானஸ் எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

இதைத் தொழிலாகச் செய்ய என்ன வேண்டும் என்று பெண்கள் கேட்டு வருகிறார்கள். கொண்டோ முறைச் சான்றிதழுக்கு டாலரில் கட்டணம், நம் கணக்கில் லட்சத்தைத் தாண்டும். பெரிய நகரத்தில் பெரிய வீடுகளுக்குப் போக அது உதவலாம். திருத்தணிக்குத் தேவையில்லை. என் பையில் இருப்பது நோட்டு, தடித்த மார்க்கர், சிவப்புச் சீட்டு, இன்ச் டேப், கையுறை, முகமூடி, டார்ச், ஓர் எடைத் தராசு. எடைத் தராசு எதற்கு என்றால் பழைய பேப்பர் கடைக்காரர் நிறுக்கும் முன் நாம் நிறுத்து வைத்துக்கொள்ளத்தான். மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், சிறு தொழில் என்று ஒரு காகிதம் இருந்தால் பாங்கில் பேசலாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி. அதைப் பற்றி எனக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.

அரை நாளுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறேன். பொருளைக் கணக்கிட்டு வாங்கினால் வேகமாகத் தூக்கிப்போடச் சொல்ல ஆசை வரும். அதனால் நேரத்துக்குத்தான் கூலி. வெளியே போகும் எந்தப் பொருளையும் நானோ என்னோடு வருகிறவளோ எடுத்துக்கொள்ளக் கூடாது, கொடுத்தாலும் கூடாது. “உனக்குத்தான் இந்தப் புடவை எடுப்பா இருக்கும், வச்சுக்கோம்மா” என்பார்கள். வாங்கினால், அடுத்த வீட்டில் நான் ‘இது வேணுமாம்மா?’ என்று கேட்கும்போது அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஒரு வீட்டு நோட்டை இன்னொரு வீட்டில் திறப்பதில்லை. யார் வீட்டு அலமாரியில் என்ன பார்த்தேன் என்று கேட்டு எனக்குக் காபி கொடுத்தவர்கள் உண்டு. காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நகையோ பணமோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், அவர்தான் தொட வேண்டும்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் இப்போது என்னோடு வருகிறாள். அவள் வீட்டில் தறி ஓடுகிறது, நூல் கண்டு அடுக்கிப் பழகிய கை. துணி மடிப்பதில் என்னைவிட அவள் வேகம், காகிதத்தில்தான் பொறுமை இல்லை. தெலுங்கும் பேசுவாள், படிப்பாள் என்பதால் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் வேலை வந்தால் அவளையே முன்னால் அனுப்புகிறேன்.

மார்கழியில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போகிக்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும். தை, வைகாசியில் கல்யாண வீடுகள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், எல்லார் வீட்டிலும் விருந்தாளி வேறு, எனக்கு வேலையே இருக்காது. அந்த மாதம் நான் என் வீட்டுப் பரணில் ஏறுகிறேன். என் மாமியாரின் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. சாவி இரண்டு நாத்தனார்களில் ஒருவரிடம். அவர்கள் கிருத்திகைக்கு வரும்போது திறக்கலாம் என்று பேச்சு.